பெருவுக்கு முன் கிண்டிக்குப் போங்கள்

'எந்திரன்' படத்தின் 'கிளிமாஞ்சாரோ' பாட்டில் ரஜினிகாந்துக்குப் பின்னால் தெரிந்த கல்மலை நகரம், தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலுள்ள மச்சு பிச்சு. கடலோரப் பாலைவனம், ஆண்டிஸ் மலை, அமேசான் காடு மூன்றையும் ஒரே நாட்டில் பார்க்கலாம் என்பதால் முதன்முறை போகிறவர்களுக்குப் பெரு பிடித்துப்போகிறது. தி. நகர் டிராவல்ஸில் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு நாள் இருக்கிறதா?

லிமா, குஸ்கோ, மச்சு பிச்சு மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு இந்த ஊசி அவசியமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப் படித்துவிட்டுப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். சிக்கல் அங்கே இல்லை, திரும்பி வந்து இறங்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இருக்கிறது. இந்திய அரசின் பட்டியலில் முழுப் பெருவும் மஞ்சள் காய்ச்சல் நாடு. பிரேசில், கொலம்பியா, அர்ஜென்டினாவும் அப்படியே. செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்று இல்லாமல் வந்து இறங்கினால், அந்த நாட்டை விட்டுப் புறப்பட்டு 6 நாள் முடியும்வரை தனிமைப்படுத்த விமான நிலையச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இந்தக் கண்டிப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். இந்தியாவில் இந்தக் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நமக்கு டெங்கு தரும் அதே கொசு, அடையாறு வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலேயே வளர்கிறது. நோயோடு ஒருவர் வந்தால் போதும். 2025 ஏப்ரலில் கொலம்பியா இந்தக் காய்ச்சலுக்காகச் சுகாதார அவசரநிலையே அறிவித்தது.

ஊசியை எந்த கிளினிக்கிலும் போட்டுக்கொள்ள முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும், ராஜாஜி சாலையிலுள்ள துறைமுகச் சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. மருந்துக் குப்பியைக் கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்பதால் முன்பதிவு பார்த்து ஆட்களைச் சேர்த்துப் போடுகிறார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, தடுப்பூசி பேட்ச் எண், தேதி, மையத்தின் முத்திரை எல்லாம் விழுந்திருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் சரிபாருங்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும்.

இது உயிருள்ள வைரஸ் தடுப்பூசி. முட்டை ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்திக் குறைபாடு, தைமஸ் சுரப்பிக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், 60 வயதைக் கடந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. போடக்கூடாது என்று அவர் சொன்னால் காரணத்தோடு எழுதி வாங்குங்கள். அதிகாரி அதைக் கருத்தில் எடுத்துக்கொள்வார்; ஆனாலும் தனிமைப்படுத்தலைத் தடுக்கும் உத்தரவாதம் அது ஆகாது. ஊசி போடாமலே அட்டை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். அது போலி ஆவணக் குற்றம். உங்கள் உடம்புக்கும் பாதுகாப்பு இல்லை.

குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கிய முதல் நாள் ஓய்வெடுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் போலீஸ் புகாரோடு லிமாவிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். ஊர் திரும்ப அவசரச் சான்று தருவார்கள்.

ஊசி விவரத்தையோ, அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும் என்பதையோ டிராவல்ஸ் மறைத்துப் பணம் நஷ்டமானால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அங்கே தீரவில்லையென்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் அங்கே சாட்சி, அழித்துவிடாதீர்கள்.