செப்டம்பர் 30-ஐத் தாண்டினால் ஊருக்கு வராத பணம்

அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: சுற்றிலும் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள் இருந்தும் எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கும் கபடிக் குழுவுக்கும் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணம் ஏன் வருவதில்லை? லாபத்தில் 2 சதவீதம் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. பலரும் கவனிக்காதது, செலவாகாமல் மிஞ்சும் பணத்துக்கு 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி. பல ஆண்டுத் திட்டம் என்று இயக்குநர் குழு முன்பே தீர்மானித்திருந்தால், மீதியை ஏப்ரல் 30-க்குள் தனிக் கணக்கில் போட்டு மூன்று ஆண்டுக்குள் செலவிடலாம். அப்படித் தீர்மானிக்காத பணம் செப்டம்பர் 30-க்குள் பி.எம். கேர்ஸ் போன்ற, சட்டத்தின் ஏழாம் அட்டவணை குறிப்பிடும் நிதிகளுக்குப் போயாக வேண்டும். தவறினால் மீதித்தொகையின் இரு மடங்கு அல்லது 1 கோடி ரூபாய், இதில் எது குறைவோ அது அபராதம். முதலமைச்சரின் பொது நிவாரண நிதி அந்த அட்டவணையில் இல்லை. அதாவது கொசஸ்தலையாற்றின் கரையில் ஈட்டிய லாபத்தின் மீதி தில்லிக்குப் போகலாம், கோட்டைக்குப் போக முடியாது. ‘உள்ளூருக்கு முன்னுரிமை’ என்று நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு சொல்கிறது, விழா மேடைகளிலும் அது முழங்குகிறது. ஆனால் அது வழிகாட்டுதலே தவிரக் கட்டாயமல்ல என்று நிறுவன விவகார அமைச்சகமே 2021-இல் விளக்கம் கொடுத்துவிட்டது.

கெடு துரத்தும்போது பணம் சுலபமான பக்கம் ஓடும். பள்ளிக்குக் கட்டடமோ கணினியோ கொடுத்தால் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடத் தலைமையாசிரியர் இருக்கிறார். பள்ளி விட்டபின் பிள்ளைகள் கூடும் இடத்துக்கு அப்படி யாரும் இல்லை. வெளி அமைப்பு வழியாகச் செலவிட வேண்டுமானால் அதற்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும் அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும் வேண்டும். நிறுவனமே தொடங்காத அறக்கட்டளையோ சங்கமோ என்றால் மூன்றாண்டு அனுபவமும் காட்ட வேண்டும். ஊர் இளைஞர் நற்பணி மன்றத்திடம் இவற்றில் எது இருக்கும்? பெரிய தொண்டு நிறுவனங்கள்தான் இந்த வாசலில் நுழைய முடியும். என்ன செய்வது, யாருக்குச் செய்வது என்ற முடிவும் அவற்றோடு போய்விடுகிறது. எனக்கு உறுத்துவது இதுதான். தலைமைப் பண்பு ஒருநாள் முகாமில் வராது. பணத்தைக் கையில் வாங்கி, எதற்குச் செலவிடுவது என்று தங்களுக்குள் வாதாடி, ஊர் முன்னால் கணக்கு ஒப்புவிக்கும் பிள்ளைக்குத்தான் அது வரும். தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழா நடத்தும் ஊர்களிலும், வசூல் நோட்டோடு வீடு வீடாகப் போய்க் கபடிப் போட்டி நடத்தும் மன்றங்களிலும் அந்தப் பழக்கம் இருக்கிறது. வியாசர்பாடியின் கால்பந்துப் பயிற்சியைத் தொடங்கியவர்களும் அந்தப் பகுதிக்காரர்களே. அங்கே ஆடக் கற்றவர்கள் பிறகு பயிற்றுநர்களாக நின்றதால்தான் அது நிலைத்தது.

ஊர்ப் பணத்துக்கும் ஒரு முகம் உண்டு என்பார்கள். உண்மை. தலைக்கட்டு என்றால் பெரும்பாலும் ஆண்தான். பெண்பிள்ளைகளும் தலித் குடியிருப்புப் பிள்ளைகளும் மைதானத்துக்கு வெளியே நிற்க நேர்கிறது. அதற்காக முடிவெடுக்கும் உரிமையை வெளியாளிடம் ஒப்படைத்துவிட முடியாது. பயிற்றுநர், நூலகர் ஊதியத்தைப் பல ஆண்டுத் திட்டமாக நிறுவனம் ஏற்கட்டும். எல்லாக் குடியிருப்புகளிலிருந்தும் பாதிக்குப் பாதி பெண்கள் உள்ள இளைஞர் குழு, செலவைத் தீர்மானிக்கட்டும். ஊரும் ஒரு சிறு பங்கு போடட்டும். ஏழை ஊர் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. கம்பெனியின் கடமையை ஊர் சுமக்கத் தேவையில்லை. ஆனால் வீட்டுக்குப் பத்து ரூபாய் வந்தாலும் கணக்குக் கேட்கும் உரிமை ஊருக்கு வந்துவிடும். நிறுவனப் பணம் மட்டும் என்றால், திட்டம் நின்றுபோனாலும் கேட்க ஆளிருக்காது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பதிவில்லாத மன்றத்துக்குப் பணம் வருமா? மன்றத்தின் கைக்கு வராது. நிறுவனமே நேரடியாகப் பயிற்றுநருக்கு ஊதியம் கொடுக்கத் தடையில்லை.

ஒருநாள் மாரத்தான், பரிசளிப்பு விழா? கணக்கில் சேராது என்று 2014 சுற்றறிக்கையே சொன்னது.

இளைஞர் தலைமைப் பயிற்சி ஏழாம் அட்டவணையில் உண்டா? அந்தப் பெயரில் இல்லை. கல்வி, தொழில்திறன், விளையாட்டுப் பயிற்சி உண்டு.

நட்டத்தில் ஓடும் மின் நிலையம்? மூன்றாண்டுச் சராசரியில் லாபமே இல்லையென்றால் 2 சதவீதமும் பூஜ்யம். அது கொட்டும் சாம்பல் கணக்கில் வராது.

எங்கே சரிபார்ப்பது? இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டங்களை நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிடுவது கட்டாயம்.