மைலேஜ் குறைந்தால் பழி யார்மேல்?

லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்துவந்த கார் 12-க்கு இறங்கிவிட்டால் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கும். பங்க்காரன் அளவில் கை வைக்கிறான். எத்தனாலைக் கலந்து பெட்ரோலைக் கெடுத்துவிட்டார்கள். வண்டிக்கு வயசாகிவிட்டது, தள்ளிவிடு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் எதில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் பங்க்கை மாற்றி, மெக்கானிக்கை மாற்றி அலைகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இந்தச் சரிவால் கூடுதலாகப் போவது 16 லிட்டருக்கு மேல்.

முதலில், குறைந்திருப்பது உண்மைதானா? டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ‘ஐந்நூறுக்குப் போட்டேன், இரண்டு நாள்கூட ஓடவில்லை’ என்பதும் கணக்கில்லை. தானாக கட் ஆகும்வரை டேங்க்கை நிரப்பி, கி.மீ. எண்ணைக் குறித்துக்கொண்டு, முக்கால் டேங்க் ஓடியபின் அதே பங்க்கில் அதே பம்ப்பில் மீண்டும் கட் ஆகும்வரை நிரப்புங்கள். ஓடிய தூரம் 405, பில்லில் 33.8 லிட்டர் என்றால் லிட்டருக்கு 12. மூன்று டேங்க் இப்படிப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. பில்களைக் கிழித்துப்போடாதீர்கள், பின்னால் புகார் என்று போனால் பேசப்போவது அவைதான்.

இப்போது பங்க்குக்கு வருவோம். நியாயமான சந்தேகம்தான். 2017-இல் உத்தரப் பிரதேசத்தில், பம்ப்புக்குள் சிப் பொருத்தி ரிமோட்டில் அளவைக் குறைத்த பங்க்குகள் பிடிபட்டன. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழி 100-க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போடுவது அல்ல. எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலம் எல்லா பங்க்கிலும் இருக்க வேண்டும். “அண்ணே, அஞ்சு லிட்டர் கேன்ல அடிச்சுக் காட்டுங்க” என்று கேட்பது உங்கள் உரிமை. முகம் சுளிப்பார்கள், மறுக்க முடியாது. 5 லிட்டரில் 25 மில்லிவரை வித்தியாசத்தைச் சட்டம் அனுமதிக்கிறது, அதாவது அரை சதவீதம். 15 கி.மீ. 12 ஆனது முழுக்க பங்க்கின் வேலை என்றால் அந்த கேனில் ஒரு லிட்டரே குறைந்திருக்க வேண்டும். அப்படி ஒரு பங்க் பகலில் கடை நடத்த முடியாது. கலப்படச் சந்தேகம் இருந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள்: நாசிலைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், சுத்தமான பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாகிவிடும். அன்றைய அடர்த்தியைக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது எத்தனால். இங்கே புலம்பலில் நியாயம் இருக்கிறது. எத்தனாலின் எரிசக்தி லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்த இ20 எரிபொருளால், பழைய வடிவமைப்பு நான்குசக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் வெளியிட்ட 2021 அறிக்கையே சொல்கிறது. ஆனால் அதுவும் 15-ஐ 14 ஆக்குமே தவிர 12 ஆக்காது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் தேர்ந்தெடுக்க வாய்ப்பு வேண்டும் என்ற பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. எனவே இந்த இழப்புக்கு இப்போதைக்குப் பரிகாரம் இல்லை. மைலேஜைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: பழைய வண்டிகளின் ரப்பர் எரிபொருள் குழாய்கள் இ20-க்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெடிப்பு, கசிவு, போதாக்குறைக்கு எலிக்கடி. காரைச் சுற்றி பெட்ரோல் வாடை வந்தால் ‘மைலேஜ் பார்த்துக்கலாம்’ என்று ஓட்டாதீர்கள். தீப்பிடிக்கும் விஷயம் அது. குழாய் மாற்றுவது சின்னச் செலவு.

ஆக, மீதி இரண்டு கி.மீ. வண்டிக்குள்தான் தொலைகிறது. இங்கேதான் “இன்ஜின் இறக்கணும் சார்” என்ற வசனம் வரும். அதற்குத் தலையாட்டும் முன் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் திருடன் அங்கே இருப்பதில்லை.

நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது தெர்மோஸ்டாட் வால்வை. ஓவர்ஹீட் என்று ஒருமுறை ஒர்க்‌ஷாப் போன வண்டியில், ‘நம்ம வெயிலுக்கு இது எதுக்கு’ என்று அந்த வால்வையே கழற்றி எறிந்துவிடுவது இங்கே பரவலான பழக்கம். விளைவு, கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் சுற்றும். இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராது. இன்ஜின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று நினைத்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். வெப்பமுள் நடுவுக்கு வரவே மாட்டேன் என்றாலோ, இரவில் பைபாஸில் போகும்போது கீழே இறங்கினாலோ இதுதான். முள் இல்லாத கார் என்றால் ஸ்கேனரில் பார்க்கலாம்: சூடான இன்ஜினின் கூலன்ட் பொதுவாக 80, 90 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும், 60-லேயே நின்றால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்து பிரேக். அதிகம் பிரேக் பிடிக்காமல் சில கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது. டயர் காற்று, ஸ்பார்க் பிளக், வீல் அலைன்மென்ட் எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். பங்க்கில் காற்று இலவசம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஏர் ஃபில்டர் விஷயத்தில் ஒரு மாற்றுக் கருத்து: கார்புரேட்டர் வண்டியில் அது அடைத்தால் பெட்ரோல் போகும், ஆனால் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இழுவைதான் குறையும், மைலேஜ் அதிகம் மாறாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் சோதித்துச் சொன்னது இது.

இதற்கெல்லாம் துணையாக ஓர் ஆவணம் உங்கள் காரிலேயே இருக்கிறது: புகைச் சான்று. போலீஸ் கேட்டால் காட்ட மட்டும் வைத்திருக்கிறோம், யாரும் படிப்பதில்லை. அதில் கார்பன் மோனாக்சைடு அளவு கூடியிருந்தால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது என்று பொருள். ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர் பக்கம் தேடலாம். ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. பிளக், காயில் பக்கம் போங்கள். பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு வரம்பு கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம். வண்டியைச் சோதிக்காமலே சான்று அடித்துத் தரும் இடத்தில் வாங்கினால், பணம் கொடுத்துக் குருட்டுச் சீட்டு வாங்குகிறீர்கள்.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், சாக்கெட்டில் செருகினால் மைலேஜ் கூடும் என்று விற்கும் பிளாஸ்டிக் டப்பா, இவற்றுக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இதுபோன்ற நூற்றுக்கு மேற்பட்ட சாதனங்களைப் பரிசீலித்துப் பெரும்பாலானவற்றில் குறிப்பிடும்படி பயனில்லை என்று கண்டது.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போது செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். “பில் வேணும்னா ஜிஎஸ்டி கூட ஆகும் சார்” என்பார்கள். பில் வேறு, ஜிஎஸ்டி வேறு. ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்னக் கடையும் ரசீது தரலாம், தரவேண்டும். பில் தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகைப்படுத்துகிறது. மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்கியதும், செய்த வேலை சரியில்லாததும் சேவைக் குறைபாடாகவோ நியாயமற்ற நடைமுறையாகவோ வழக்குக்கு வரும்.

பங்க்கில் அளவு குறைந்தால், தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பங்க்கில் எழுதிவைத்திருக்கும் எண்ணெய் நிறுவன எண்ணுக்கும் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப், போலிச் சாதனம் இரண்டுக்கும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் முடியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை.