யார்கிட்ட சொன்னே?

திருப்பூரில் ஒரு பேக்கரி வாசலில் டீக்கு உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் என் ஒன்றுவிட்ட அக்கா மகன். கூடப் படித்தவனோடு கூட்டுச் சேர்ந்து ஐந்து வருடமாக பனியன் பிரிண்டிங் யூனிட் நடத்துகிறவன்.

"நான் வெளிய வந்துட்டேனுங்க மாமா. சாவியக் குடுத்து மூணு மாசமாச்சு" என்றான்.

"யார்கிட்ட சொன்னே?"

"அவன்கிட்டத்தான். வாட்ஸ்அப்புல."

செல்லை நீட்டினான். இரவு 11.40க்கு அனுப்பியது: 'எனக்கு வேண்டாம்டா சாமி. நீயே பாத்துக்கோ.'

நான் வக்கீல் இல்லை. இருபத்தெட்டு வருடம் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன். கூட்டு பிரிந்த கட்டுகளை நிறையக் கட்டி, நிறைய அவிழ்த்திருக்கிறேன். பையன் யூனிட்டை விட்டு வந்துவிட்டான், சரி. சட்டக் கணக்கில் அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். இதைப் புரியவைக்க இரண்டு டீ ஆனது.

இதற்கான சட்டம் 1932ஆம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். பழசுதான், இன்றைக்கும் அதுதான் நடப்பு. முதலில் எண்ண வேண்டியது தலைகளை. மூன்று நான்கு பேர் இருக்கும் நிறுவனத்தில் ஒருவர் விலகலாம், மற்றவர்கள் தொடரலாம். இரண்டே பேர் என்றால் விலகல் என்ற பேச்சே கிடையாது. ஒருவர் போனால் மிச்சம் இருக்கிற ஒற்றை ஆள் கூட்டாக முடியாது. அது கலைப்பு. அந்த இன்னொருவன் தன் சொந்தப் பெயரில் தொழிலை எடுத்து நடத்திக்கொள்ளட்டும், அது வேறு.

கலைக்க நல்ல வழி, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக் கலைப்புப் பத்திரம் எழுதிக்கொள்வது. அவன் வர மறுத்தால், பார்ட்னர்ஷிப் டீடைப் பார்க்க வேண்டும். எத்தனை வருடத்துக்குக் கூட்டு, எப்படி முடித்துக்கொள்வது என்று டீடில் எதுவும் சொல்லவில்லை என்றால், அதை விருப்பக் கூட்டு என்கிறது சட்டம். அதைக் கலைக்க எதிராளியின் சம்மதம் வேண்டாம், 43ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்தால் போதும். அறிவிப்பில் எந்தத் தேதி போடுகிறோமோ அன்றைக்குக் கூட்டு கலைகிறது. தேதி போடாவிட்டால், அறிவிப்பு அவனுக்குப் போய்ச் சேர்ந்த நாள்.

"வாட்ஸ்அப்பும் எழுத்துத்தானுங்களே?"

வாதாடலாம். வாதாட வேண்டி வருகிறதே, அதுதான் சங்கடம். 'நீயே பாத்துக்கோ' என்பது கூட்டைக் கலைத்ததா, அன்றைய சண்டையை முடித்ததா என்று கோர்ட்டில் நின்று விளக்க வேண்டும். ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் வேலை முடிந்தது.

டீடில் காலம் குறித்திருந்து, எதிராளியும் ஒத்துவராமல் போனால் 44ஆம் பிரிவு. கணக்குக் காட்ட மறுப்பது, ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்ப மீறுவது, நஷ்டம் இல்லாமல் நடத்தவே முடியாத நிலை, இவற்றைச் சொல்லிக் கோர்ட்டில் கலைப்புக் கேட்கலாம். நடுவர் மூலம் தீர்த்துக்கொள்வதாக டீடில் ஒரு வரி இருந்து, எதிராளி அதைப் பிடித்துக்கொண்டால், கோர்ட் அங்கே அனுப்பிவிடும். நிறுவனத்தைப் பதிவே செய்யவில்லை, அதனால் கேஸ் போட முடியாது என்று நிறையப் பேர் பயந்து கிடக்கிறார்கள். பதிவு இல்லாத நிறுவனம் வரவேண்டிய பாக்கிக்குக் கேஸ் போட முடியாது என்பது நிஜம். கலைப்புக்கும் கணக்குக்கும் அந்தத் தடை இல்லை.

பெஞ்சில் கிடந்த தினசரியைப் புரட்டி, உள்பக்கத்துக் கட்டம் ஒன்றைக் காட்டினேன். இன்னார் இந்த நிறுவனத்திலிருந்து விலகிவிட்டார், இனி கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பல்ல. இதைப் போட்டதும் தீர்ந்தது என்று நினைக்கிறோம். 72ஆம் பிரிவு கேட்பது அதிகம். உள்ளூர்மொழிப் பத்திரிகை ஒன்றோடு அரசிதழிலும் வர வேண்டும். பதிவான நிறுவனம் என்றால் நிறுவனப் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். அதுவரை கூட்டாளி நிறுவனத்தின் பெயரில் வாங்கும் சாயத்துக்கும் உன் தலை உருளும். பாதிப் பங்கு என்பதால் பாதிக் கடன் என்று கிடையாது, முழுவதையும் உன்னிடமே வசூலிக்கலாம்.

பேங்கு விஷயம் இன்னும் கெட்டி. சிசி (கேஷ் கிரெடிட்) அக்கவுண்டுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால், பேங்கு எழுத்தில் விடுவிக்கிற வரைக்கும் அந்தக் கையெழுத்து உயிரோடு இருக்கும். உங்களுக்குள் எழுதிக்கொண்ட பத்திரம் பேங்கைக் கட்டாது. ஜிஎஸ்டியிலும் ஒரு கண்ணி உண்டு. மூன்று பேரில் ஒருவர் விலகினால் ஒரு மாதத்துக்குள் துறைக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தவறினால், தெரிவிக்கிற நாள் வரைக்கும் வரிப் பாக்கி அவர் தலையிலும்தான்.

"மெஷின்ல பாதி என்னுதுங்களே?"

மெஷினைக் குறுக்கே அறுக்க முடியாது மாப்ளே. எல்லாவற்றையும் பணமாக்கினால் 48ஆம் பிரிவு வரிசை சொல்கிறது: முதலில் வெளிக்கடன், அப்புறம் கூட்டாளிகள் கைமாற்றாகப் போட்ட பணம், அதற்குப் பின்தான் மூலதனம், மிச்சம் இருந்தால் லாபப் பங்கு. பெண்டாட்டி நகையை அடகு வைத்து நாலு லட்சம் போட்டிருக்கிறான். அதை ஏட்டில் மூலதனம் என்று எழுதினார்களா, கடன் என்றா? பையனுக்குத் தெரியவில்லை. கடன் என்றிருந்தால் மூலதனத்துக்கு முன்பே திரும்பும், வேறு ஏற்பாடு இல்லாத பட்சத்தில் வருடம் 6 சதவீத வட்டியோடு. போய் ஏட்டைப் பார்த்து நகல் எடுக்க அவனுக்கு உரிமை உண்டு. கணக்கு கேட்டுக் கேஸ் போடக் கலைப்புத் தேதியிலிருந்து 3 வருடம்தான் கெடு. கலைந்த பிறகும் கணக்கு முடிக்காமல் கூட்டாளி தொழிலை ஓட்டினால், அந்த லாபத்தில் பங்கோ 6 சதவீத வட்டியோ, எது வேண்டுமோ அதைக் கேட்கலாம்.

"டீடுல என்ன எழுதியிருக்கு?"

படித்ததே இல்லையாம். ஆடிட்டர் ஆபீஸில் பழைய டீடைத் திறந்து பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள், நாமும் காட்டிய இடத்தில் கையெழுத்து போடுவோம். செல்லில் தேடி எடுத்தான். நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது: 'கூட்டாளிகளின் விருப்பம் உள்ளவரை நீடிக்கும்.'

கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"தபால் ஆபீஸு எத்தன மணி வரைக்குமுங்க மாமா?"