பில்லா மறுபடி வந்தா பழைய மெட்டும் கூட வரணுமா?
ஆரணி தறி வீட்டில் மாமா–மாப்பிள்ளை மோதல்!

ஆரணி—

தறியில் கை ஓடும். காது சும்மா இருக்காது. ஆரணி பட்டு நெசவாளர் தெருக்களில் பொழுது விடிந்தால் தறிச் சத்தம் ஒரு பக்கம், சினிமாப் பாட்டு ஒரு பக்கம். முன்பு ரேடியோ. பிறகு டேப் ரிக்கார்டர். இப்போது செல்போன்.

அப்படி ஒரு வீட்டில் காலையிலேயே வாய்ச்சண்டை. கூலி பாக்கி விவகாரம் அல்ல. இழை அறுந்த தகராறும் அல்ல. ‘பில்லா’ தகராறு!

புடவை விலை விசாரிக்கப் போன நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த மாமாவுக்கு வயது அறுபதைத் தாண்டும். 1980-ல் ரஜினியின் ‘பில்லா’வை அரைக்கால் டிராயரோடு போய்ப் பார்த்தவர். பக்கத்துத் தறியில் அக்காள் மகன். அவன் பார்த்த ‘பில்லா’ 2007-ல் வந்த அஜித் படம்.

“ஆளை மாத்து. சட்டையை மாத்து. காரை மாத்து. அந்தப் பாட்டை மாத்தினா அவன் எப்படிடா பில்லா ஆவான்?” இது மாமா.

“போங்க மாமா! யுவன் புதுசா ஒரு தீம் மியூசிக் போட்டாரே, கோட்டு போட்டு அஜித் நடக்கும்போது வருமே, அதான் எனக்கு பில்லா. உங்க பாட்டு எனக்கு வெறும் பாட்டு, அவ்ளோதான்.” இது மாப்பிள்ளை.

மாமா நாடாவைத் தள்ளுவதை நிறுத்திவிட்டார்.

பான் போய் வெற்றிலை

இந்தச் சண்டையின் வேர் பம்பாயில் இருக்கிறது. 1978-ல் அமிதாப் பச்சன் நடித்த ‘டான்’. கதை சலீம்–ஜாவேத். இசை கல்யாண்ஜி–ஆனந்த்ஜி. அதில் பான் போட்டுக்கொண்டு ஆடும் பாட்டு இந்தியா முழுவதும் ஓடியது.

தமிழில் அது ‘பில்லா’ ஆனபோது எம்.எஸ்.விஸ்வநாதன் பானுக்குப் பதில் வெற்றிலை போட வைத்தார். ‘மை நேம் இஸ் பில்லா’ என்று பெயர் சொல்லி வரும் பாட்டும் அவர் போட்டதுதான். ஆக, மாமா “பழைய மெட்டு, பழைய மெட்டு” என்று உருகுகிறாரே, அதுவே 1980-ல் புது மெட்டு!

2006-ல் ஷாருக்கானை வைத்து இந்தி ‘டான்’ மறுபடி வந்தது. இசை சங்கர்–எசான்–லாய். பான் பாட்டை விடவில்லை, புதுப்பித்து வைத்துக்கொண்டார்கள். மறு வருடம் விஷ்ணுவர்தன் இயக்கத்தில் தமிழ் ‘பில்லா’. யுவன் சங்கர் ராஜா இரண்டு வேலையும் செய்தார். எம்.எஸ்.வி.யின் வெற்றிலைப் பாட்டையும் பெயர்ப் பாட்டையும் ரீமிக்ஸ் செய்தார். நடைக்கென்று சொந்தமாக ஒரு தீமும் போட்டார். மாமாவுக்கு அது, மாப்பிள்ளைக்கு இது. தியேட்டரில் இருவரும் விசில் அடித்தார்கள். வேறு வேறு இடத்தில்!

சூப்பர்மேன் பட்ட பாடு

கடல் தாண்டியும் இதே தகராறுதான். 1978-ல் கிறிஸ்டோபர் ரீவ் பறந்த ‘சூப்பர்மேன்’ படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட இசையைக் கேட்டால், ஆள் திரையில் வரும் முன்பே சிவப்புத் துணி கண்ணில் பறக்கும். 2006-ல் புது நடிகரோடு வந்தபோதும் அதே இசை. 2013-ல் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ வந்தது. ஹான்ஸ் ஜிம்மர் வில்லியம்ஸ் பக்கமே போகாமல் முழுக்கப் புதிதாகப் போட்டார். பாதிப் பேருக்குப் பிடித்தது, பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். 2025-ல் ஜேம்ஸ் கன் மறுபடி ‘சூப்பர்மேன்’ எடுத்தபோது வில்லியம்ஸ் மெட்டு திரும்பி வந்துவிட்டது. இந்த முறை எலெக்ட்ரிக் கிடாரில்!

பேட்மேனுக்கு வேறு கதை. 1989-ல் டேனி எல்ஃப்மேன் இசை, 2005-ல் வேறு, 2022-ல் இன்னொன்று. ஒவ்வொன்றும் நின்றது. பழசு இல்லாவிட்டால் படம் விழுந்துவிடும் என்று சொல்ல முடியாது.

எனக்குக் கேட்டால், கெட்டிக்காரத்தனம் செய்தது ஜேம்ஸ் பாண்ட் கோஷ்டிதான். 2006-ல் ‘கேசினோ ராயல்’. புது பாண்ட் டேனியல் கிரேக். இசையமைப்பாளர் டேவிட் ஆர்னால்ட் அந்தப் பிரசித்தி பெற்ற பாண்ட் இசையை முழுதாகக் காட்டாமல் படம் நெடுகப் பிடித்து வைத்தார். கடைசிக் காட்சியில் கிரேக் தன் பெயரைச் சொல்லி, படம் முடியும்போதுதான் முழுசாக அவிழ்த்து விட்டார். ஆள் பாண்ட் ஆன பிறகுதான் பாண்ட் இசை! டைட்டிலிலேயே போட்டுத் தீர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். பழைய மெட்டு வரலாம். முதல் ரீலிலேயே கைத்தட்டலைக் கடன் வாங்க வரக்கூடாது.

நம் ஊரிலும் பாண்ட் வாசனை உண்டு. ‘அண்ணாமலை’ (1992) படத்தில் ‘சூப்பர் ஸ்டார்’ எழுத்து ஒவ்வொன்றாக விழும்போது தேவா போட்ட இசையை நினைத்துப் பாருங்கள். அந்த எழுத்து விழாவிட்டால் படமே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தவர்கள் ஏராளம்.

மாமா மாறினார்

மாமா புடவையைக் காட்டினார். பார்டரில் ருத்திராட்சம். உடலில் இதுவரை நான் பார்க்காத ஒரு கத்தரிப்பூ நிறம்.

“பார்டர பாத்து கிழவி எடுப்பா. உடல பாத்து பொண்ணு எடுப்பா. ரெண்டும் இருந்தாத்தான் ஒரே வீட்ல ஒரு புடவை விக்கும். படமும் அப்டித்தான்.”

மாப்பிள்ளை விடுவானா? “சரி மாமா, ருத்திராட்சம் உங்க பாட்டன் காலத்துது. யாரும் கேக்க மாட்டான். போன வருஷம் நீங்க காசு குடுத்து அட்டை அடிச்சீங்களே, அந்தப் புட்டா? அது எங்க போச்சு?”

மாமா முகம் சுருங்கியது. சொந்தமாகக் கிராப் பேப்பரில் வரைந்து, ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை அடித்து, பத்துப் புடவை நெய்வதற்குள் அதே புட்டா விசைத்தறிப் புடவையில் கடைக்கு வந்துவிட்டதாம். பாதி விலையில்! கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி 1985-லேயே சட்டம் இருக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனாலும் ஒரு புட்டாவின் பின்னால் யார் ஓடுவது?

சண்டை அங்கே திசை மாறியது. “அப்போ அந்த மெட்டுக்காரனுக்குக் காசு குடுத்தானுங்களா?” என்று மாமாவே கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்வி. 2001-ல் லண்டனில் மாண்டி நார்மன் என்ற இசையமைப்பாளர், பாண்ட் இசை தன்னுடையது அல்ல என்று எழுதிய பத்திரிகை மேல் மானநஷ்ட வழக்குப் போட்டு ஜெயித்தார். நஷ்ட ஈடு 30 ஆயிரம் பவுண்டு. படம் வந்தது 1962-ல். கிட்டத்தட்ட 40 வருஷம் கழித்தும், “நான் போட்டது” என்று ஒரு மனிதர் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது.

இங்கே 1986-ல் கமல் நடித்த ‘விக்ரம்’. இளையராஜா இசை. 2022-ல் அதே பெயரில், அதே கமல், அனிருத் இசையில் வந்து பெரிய வெற்றி பெற்றார். 2024-ல் ‘கூலி’ முன்னோட்டத்தில் ‘தங்க மகன்’ (1983) பாட்டிசை வந்ததும் இளையராஜா தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. பழைய ‘விக்ரம்’ பாட்டையும் புது ‘விக்ர’மில் அனுமதி கேட்காமல் எடுத்தார்கள் என்று அதே நோட்டீசில் குற்றச்சாட்டு. 2025-ல் அஜித்தின் ‘குட் பேட் அக்லி’ படத்துக்கும் நோட்டீஸ். 5 கோடி ரூபாய் கேட்டார். உரிமை வைத்திருக்கும் கம்பெனிகளிடம் அனுமதி வாங்கியதாகத் தயாரிப்பாளர் தரப்பு சொன்னது. செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு, அவர் பாடல்களோடு படத்தைக் காட்ட இடைக்காலத் தடை விதித்தது.

கம்பெனிக்குக் காசு போனால் மெட்டுப் போட்டவருக்குப் போனதாக ஆகுமா? காப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தியபோது, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை அவர்களிடமிருந்து எழுதி வாங்கிவிட முடியாது என்று வைத்தார்கள். 1980-லும் 1986-லும் கையெழுத்தான காகிதங்கள் அதற்கு முந்தியவை. வில்லங்கம் அங்கேதான்.

மாமா ஒரு நிமிஷம் பேசவில்லை.

“பழைய மெட்டு வேணும்டா. இப்பவும் சொல்றேன். ஆனா டைட்டில்ல அவர் பேரு பெருசா வரணும். வீட்டுக்குக் காசு போகணும். இல்லாட்டி உன் யுவன் மாதிரி சொந்தமா போட்டுக்கட்டும்.”

“அதானே மாமா நானும் சொன்னேன்!”

“நீ எப்படா சொன்ன?”

நாடா மறுபடி ஓடத் தொடங்கியது. கத்தரிப்பூப் புடவையின் விலையை நான் இரண்டு தடவை கேட்டேன். தறிச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.