ஒரு நதியும் பல நூல்களும்

பள்ளிக்கூடத்தில் நூலக வகுப்பு வந்ததும் பிள்ளைகள் ஒரே அலமாரியை நோக்கி ஓடுவதையும், சித்திரக்கதையில் ருசி கண்டவர்கள் சித்திரக்கதையையும், துப்பறியும் கதையில் ருசி கண்டவர்கள் துப்பறியும் கதையையுமே திரும்பத் திரும்ப எடுத்துச் செல்வதையும் கண்டு ஆசிரியர்கள் விசனப்படுவதுண்டு. அந்த விசனம் அநாவசியம். ஏதேனும் ஒரு வகை நூலில் மனம் தோய்ந்துவிட்ட குழந்தைக்குப் பிற நூல்களின்பால் ஆவலை உண்டாக்குவது அப்படியொன்றும் அசாத்தியமான காரியமல்ல. "கவிதை படி, சரித்திரம் படி" என்று உபதேசம் செய்வதால் அது நடவாது. குழந்தையின் உள்ளத்தில் எழுந்த கேள்வி ஒன்றைப் பற்றிக்கொண்டு போனால் தானே நடக்கும்.

உதாரணமாக, 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் கல்கி எழுதித் தொடர்கதையாக வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்வோம். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனோடு புறப்பட்டு, இராப்பகலாக அக்கதையைப் படித்து முடிக்கும் சிறுமி, "நந்தினி என்று ஒருத்தி நிஜமாகவே இருந்தாளா, ஸார்?" என்று கேட்காமல் இருக்கமாட்டாள். ஆசிரியருக்கு அதைவிட நல்ல தருணம் வாய்க்காது. நந்தினி கல்கியின் கற்பனை; ஆனால் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டது கற்பனையன்று; கொலைக்குக் காரணமானவர்களின் உடைமைகள் பறிமுதலான செய்தியை அதே ஏரிக்கு அருகிலுள்ள உடையார்குடிக் கோயில் கல்வெட்டு தெரிவிக்கிறது. இதைச் சொல்லிச் சோழர் சரித்திரம் ஒன்றைக் கையில் கொடுத்தால், கதாசிரியன் எங்கே சரித்திரத்தை விட்டு விலகினான் என்று தேடும் உற்சாகத்திலேயே அவள் அதைப் படித்துவிடுவாள்.

கதையில் வரும் பொன்னி நதியே, அதாவது காவேரியே, கவிதைக்கும் வழிகாட்டும். சிலப்பதிகாரத்தின் கானல்வரி, காவேரியைப் பெண்ணாகவே பாவித்து விளித்து வாழ்த்துகிறது. நாவலைப் படித்த வேகம் இங்கே உதவாது. ஆசிரியர் வாய்விட்டு இசையோடு படிக்க, பிள்ளைகள் கூடவே சொல்லி, முதலில் ஓசையில் லயித்துப் பிறகு பொருளுக்கு வருவதே உத்தமம். அந்தப் பாட்டின் தொடரையே பெயராகக் கொண்டு சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' என்னும் பிரயாண நூலையோ தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஊர் ஊராக விரலால் தொட்டுப் படிக்கவேண்டும். அகஸ்தியர் கமண்டலத்தைக் காகம் கவிழ்க்கக் காவேரி பிறந்த கதையைப் பாட்டி வாயால் கேட்டிருக்கும் பிள்ளை, நதி குடகின் தலைக்காவேரியில் பிறப்பதைப் பூகோள நூலில் காணும்போது, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பொய்யென்று தள்ளாமல், புராணம் பேசும் விதம் வேறு, சாஸ்திரம் பேசும் விதம் வேறு என்று தெரிந்துகொள்கிறது.

பலவகை நூல்களைப் படிப்பதன் பிரதான பிரயோஜனம் இந்த விவேகமே. நாவலைச் சரித்திரமென்று நம்பி ஏமாறாமலும், சரித்திரத்தில் நாவலின் சுவாரஸ்யத்தைத் தேடிச் சலிக்காமலும், அந்தந்த நூலை அதனதன் தர்மப்படி ஏற்றுக்கொள்ளும் பக்குவத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் செய்யுள் பகுதி தந்துவிடாது. ஆகவே, புஸ்தகத்தைத் திருப்பித் தரும் பிள்ளையிடம் கதைச் சுருக்கம் எழுதித் தரும்படி கேட்டு அதற்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை விட்டு, "இதைப் படித்ததும் உனக்கு என்ன சந்தேகம் வந்தது?" என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம்; அடுத்து எந்த அலமாரியைத் திறக்கவேண்டுமென்பதை அந்தப் பதிலே சொல்லிவிடும்.