சாரல் ஓகே... சாயங்கால வரப்பு?

குற்றால சீசனுக்கு ஃப்ரெண்ட்ஸோட போனா உங்க புரோகிராம் என்ன? ஐந்தருவியில ஒரு ஆட்டம், பார்டரில் பரோட்டா, அப்புறம் இருட்டுற வரைக்கும் தென்காசி ரோட்டோர வயல் வரப்புல அரட்டை. எங்க கேங்கும் அப்படித்தான். அரை டவுசர், ஈரத் தலை, சுத்திலும் 'ங்ஙொய்'னு கொசு. "டெங்கு கொசு பகல்லதாம்லே கடிக்கும், பயப்படாத"ன்னு ஒருத்தன் தைரியம் சொன்னான். பாதி கரெக்ட். மீதிப் பாதிதான் மேட்டரே!

டெங்குவைப் பரப்புற ஏடிஸ், பகல் பார்ட்டி. டயர், தேங்காய்ச் சிரட்டையில் தேங்குற தண்ணி அதுக்குப் போதும். ஆனா, ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புற க்யூலெக்ஸ் வகைக்கு நெல் வயல்தான் பிரசவ வார்டு. பொழுது சாய்ஞ்சதும் டியூட்டிக்குக் கிளம்பிடும். பேர்ல ஜப்பான் இருக்கேன்னு ஏமாறாதீங்க. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், நம்ம வேலூர்ப் பகுதியில்!

வைரஸ் பெருகுறது பன்றிகளிலும், கொக்கு, நாரை மாதிரி நீர்ப்பறவைகளிலும். அங்கே ரத்தம் குடிச்ச கொசு நம்மளைக் கடிச்சா வைரஸ் உள்ளே. மனுஷனுக்கு மனுஷன் தொத்தாது, அதனால நோயாளியைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். தொற்று வந்தவங்கள்ல சுமார் 250 பேரில் ஒருத்தருக்குத்தான் நோய் முற்றும். முற்றினால்? கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி, வலிப்பு, நினைவு தப்புதல்... அந்தக் கட்டத்துக்குப் போனவங்கள்ல 100-க்கு 30 பேர் வரை இறக்கிறாங்க. வைரஸைக் கொல்ற மருந்து கிடையாது. பிழைச்ச குழந்தைகள்ல பலருக்குப் பழைய பேச்சும் நடையும் திரும்பாமலே போயிடுது.

தடுப்பூசி இருக்கு. நோய் அபாயம் உள்ள மாவட்டங்களில் 9 மாதத்தில் ஒண்ணு, ஒன்றரை வயசுவாக்கில் இன்னொண்ணுன்னு அரசே இலவசமாப் போடுது. அக்கா குழந்தையோட தடுப்பூசி அட்டையை ஒருதரம் எடுத்துப் பாருங்க. சந்தேகம்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

இன்ஜினீயரிங் புத்திக்குப் பிடிச்ச ஐடியா ஒண்ணும் இருக்கு. வயல்ல எப்பவும் தண்ணியைத் தேக்காம, காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினா, கொசுப்புழு கொசுவா மாறுறதுக்குள்ள காலி. மதுரையில் இயங்கிய ஐ.சி.எம்.ஆர். பூச்சியியல் ஆய்வு மையம் 1990-களிலேயே இதை வயலில் சோதிச்சுப் பார்த்திருக்கு. விவசாயிகள் பாஷையில் இதுக்குப் பேர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்'. என்ன பொருத்தம் பாருங்க!

ரொம்பப் பெருமையா தாத்தாகிட்ட சொன்னேன். "வாய்க்கால்ல நம்ம முறை வரும்போது கட்டினாத்தாம்ல தண்ணி. காயவிட்டுட்டு நிக்கும்போது அடுத்த தண்ணிய எவன் தருவான்?"னு கேட்டார். பதில் தெரியலை.

இப்போதைக்கு முழு பேன்ட், முழுக்கை சட்டை. அரட்டையை டீக்கடைக்கு மாத்திட்டோம். அங்கேயும் கொசு உண்டு, ஆனா ஃபேன் ஓடுது!