20 வருஷம் பாடம் எடுத்தவரும் டெட் எழுதணுமா? தீர்ப்பு சொல்வது என்ன?

உங்க அம்மாவோ அப்பாவோ அரசுப் பள்ளி ஆசிரியரா? அப்படின்னா ‘டெட்’ என்ற பேச்சு வீட்டில் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். ‘ஆசிரியர் வேலையா, ரிட்டயர்மென்ட் வரைக்கும் கவலையில்லை’ என்ற நம்பிக்கையை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தந்த தீர்ப்பு அசைத்துவிட்டது.

தீர்ப்பு என்ன?

1 முதல் 8-ம் வகுப்பு வரை கற்பிப்பவர்கள், எப்போது பணியில் சேர்ந்திருந்தாலும், ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி பெற வேண்டும்.

- ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருந்தால்: 2 ஆண்டு அவகாசம். அதற்குள் பாஸாகாவிட்டால் வேலையை விட வேண்டும், அல்லது ஓய்வுப் பலன்களோடு கட்டாய ஓய்வு.
- 5 ஆண்டுக்குள் ஓய்வு என்றால்: பணியில் தொடரலாம். ஆனால், டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது.
- சிறுபான்மைப் பள்ளிகள்: இந்தக் கேள்வி பெரிய அமர்வின் பரிசீலனைக்குப் போயிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஓய்வு வயது 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு நாளில் 56 வயதானவர் தப்பித்தார்; 54 வயதானவர் தேர்வு எழுதியாக வேண்டும். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்களாகவும் இருக்கலாம்.

ஆசிரியர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

டெட்டைக் கட்டாயமாக்கிய தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அறிவிக்கை வந்தது 2010 ஆகஸ்ட் 23-ல். முன்பே விதிப்படி நியமிக்கப்பட்டவர்களுக்கு அதிலேயே விலக்கு இருந்தது. ‘சேரும்போது இல்லாத நிபந்தனையை இப்போது வைப்பது நியாயமா?’ என்பதுதான் அவர்கள் கேள்வி.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம், குறைந்தபட்சத் தகுதி இல்லாமல் பணியில் இருப்பவர்கள் அதை 4 ஆண்டுக்குள் பெற வேண்டும் என்றது. அந்தத் தகுதியில் டெட்டும் அடக்கம் என்கிறது நீதிமன்றம். குழந்தையின் கல்வி உரிமையில், தரமான ஆசிரியரைப் பெறும் உரிமையும் சேர்ந்தே இருக்கிறது என்பது அதன் வாதம்.

அரசியல் சாசனம் காப்பாற்றாதா?

அரசு ஊழியரை விசாரணை இல்லாமல் டிஸ்மிஸ் செய்யக் கூடாது என்கிறது 311-வது பிரிவு. ஆனால் அது தண்டனையாக வேலையைப் பறிப்பதற்கு எதிரான பாதுகாப்பு. இங்கே யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. மாறியது தகுதி விதி. அதனால் அந்தக் கேடயம் இங்கே பெரிதாக உதவாது.

டெட் எதை அளக்கிறது?

150 கேள்விகள், 150 மதிப்பெண். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. பொதுவான தேர்ச்சி அளவு 60%, அதாவது 90. பாட அறிவையும் குழந்தை உளவியலையும் சோதிக்கலாம். ஆனால், 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருவர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பதை இந்தத் தாள் பார்ப்பதில்லை.

புதிதாக வருபவரை வடிகட்ட இது சரியான சல்லடைதான். 20 ஆண்டு கற்பித்தவரை எடைபோட இது மட்டும் போதாது. பயிற்சி கொடுத்து, வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்து மதிப்பிடும் வழியையும் அரசுகள் யோசிக்க வேண்டும். குழந்தைக்கு நல்ல ஆசிரியர் வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. நல்ல ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் சண்டையே.